நடப்பவன் நாலாம் வருணமா?

சாரல் காலம் பிறந்துவிட்டால் தென்காசிச் சீமைக்குத் தனிப் பொலிவு. மலைமுகட்டிலே மேகம், மரக்கிளையிலே தூறல், தெருவெல்லாம் ஈரத் துண்டு, கடையெல்லாம் மங்குஸ்தானும் ரம்புட்டானும். ஐந்து கிளையாய்ப் பிரிந்து விழுகிறதே ஐந்தருவி, அதன் அடியிலே சென்று நின்று பாருங்கள். ஆலை முதலாளி நிற்கிறார். அவருக்கு அருகே மூட்டை சுமப்பவர் நிற்கிறார். அதிகாரி நிற்கிறார், அவரிடம் மனுக் கொடுத்துச் சலித்தவரும் நிற்கிறார். இடுப்பிலே ஒரு துண்டு, தலையிலே தண்ணீர், அவ்வளவுதான்! உன் குலம் என்ன, உன் கோத்திரம் என்ன, உன் வங்கிக் கணக்கிலே இருப்பு என்ன என்று அருவி கேட்பதில்லை. ஆயிரம் ஆண்டுகளாகச் சாத்திரம் சொல்ல மறுத்த சமத்துவத்தை, ஒரு நொடியிலே சொல்லித் தந்துவிடுகிறது அந்தத் தண்ணீர்.

ஆனால், அருவியிலே உள்ள சமத்துவம் அருவிக்குச் செல்லும் பாதையிலே இல்லையே, ஏன்? இதுதான் நாம் எழுப்பும் கேள்வி.

பேரருவியிலிருந்து ஐந்தருவிக்கு நான்கைந்து கிலோமீட்டர். நடந்தால் ஒரு மணி நேரம். மரநிழலும் மலைக்காற்றும் துணைவரும் பாதை. சாரல் காலத்து விடுமுறை நாளொன்றில் அப்பாதையிலே நடந்தோம் நாம். தங்கும் விடுதியிலேயே முதல் வியப்பு. “வண்டி இல்லையா? நடந்தா போறீங்க?” என்று கேட்டார் அங்கிருந்த அன்பர். கேள்வியிலே அன்பு இருந்தது. அன்போடு கொஞ்சம் இரக்கமும் இருந்தது. இரக்கத்துக்கு அடியிலே, ‘ஐயோ பாவம், இவ்வளவுதான் இவர் தகுதி’ என்ற கணிப்பும் இருந்தது.

பாதையிலே இறங்கினோம். இருபுறமும் கார்கள் நிற்கின்றன. நிற்பவற்றுக்கு நடுவே நகர்வன நகர்கின்றன. நகர்வனவற்றுக்கும் நிற்பனவற்றுக்கும் இடையே, ஒரு முழ அகலத்திலே, குழந்தையை இடுப்பிலும் ஈரத் துணியைத் தோளிலும் சுமந்துகொண்டு நடக்கிறார்கள் தாய்மார்கள். பின்னாலிருந்து அலறுகிறது ஒலிப்பான். கண்ணாடியை இறக்கி, ஒருவர் திருவாய் மலர்ந்தருளினார்: “ஓரமாய்ப் போய்யா! ரோடு என்ன உன் அப்பன் வீட்டுதா?”

ஆம் தோழரே, எங்கள் அப்பன் வீட்டுதுதான்! உங்கள் அப்பன் வீட்டுதும்தான்! பொதுப் பணத்திலே போட்ட சாலை அது. தீப்பெட்டி வாங்கும் கிழவியும் வரி கட்டுகிறாள். அந்த வரியிலும் வந்தது அந்தத் தார். ஓரமாய்ப் போகச் சொன்னீரே, எங்கே ஐயா இருக்கிறது ஓரம்? ஓரத்திலே உம்முடைய நண்பரின் கார் நிற்கிறது. காருக்கு அப்பால் சாக்கடை ஓடுகிறது. சாக்கடையிலே இறங்கி நடக்கச் சொல்கிறீரா எம்மை?

பாதை முடியுமிடத்திலே மற்றொரு காட்சி. சக்கர நாற்காலியிலே ஒரு மூதாட்டி. தள்ளிக்கொண்டு வந்தவன் மகன். கார் நிறுத்துமிடம் வரை எப்படியோ வந்துவிட்டார்கள். அதற்கு மேல் மேடு, பள்ளம், படிக்கட்டு, நெருக்கடி. நாற்காலி நின்றுவிட்டது. அருவியின் ஓசை கேட்கிறது, அருவி தெரியவில்லை. “நீ போய்க் குளிச்சிட்டு வாடே, நான் இங்ஙன இருக்கேன்” என்றாள் அந்த அம்மை. தயங்கித் தயங்கிச் சென்றான் அவன். எத்தனையோ கார்களை அருவியின் வாசல் வரை கொண்டுவந்து சேர்க்க முடிந்த நமக்கு, நான்கு சிறு சக்கரங்களை அருவியின் முன்னே கொண்டுபோய் நிறுத்த முடியவில்லை! கருவி இல்லாமலா? காசு இல்லாமலா? இல்லை, கருத்து இல்லாமல்!

பழைய வருணம் நாம் அறிந்ததுதான். முகத்திலே பிறந்தவன், தோளிலே பிறந்தவன், தொடையிலே பிறந்தவன், காலிலே பிறந்தவன். உடம்பிலே கால் தாழ்ந்தது. எனவே காலிலே பிறந்தவனும் தாழ்ந்தவன் என்று கட்டினார்கள் கதை. அந்தக் கதையைப் பகுத்தறிவு வாளால் வெட்டி வீழ்த்தினோம் என்று மார்தட்டுகிறோம். ஆனால் நம் தெருவைப் பாருங்கள்! நாற்சக்கரத்தான் முதல் வருணம். இருசக்கர மோட்டாரான் இரண்டாம் வருணம். மிதிவண்டிக்காரன் மூன்றாம் வருணம். காலால் நடப்பவன்? மீண்டும் நாலாம் வருணம்! சக்கர நாற்காலியிலே வருபவனோ, தள்ளுவண்டி தள்ளுபவனோ, இந்த வரிசையிலேயே சேர்க்கப்படாத அவருணன்!

உவமைக்காகச் சொல்லவில்லை நாம். திருவிதாங்கூர்ச் சீமையிலே ஒரு காலத்தில் மேல்சாதியார் பல்லக்கிலோ கால்நடையாகவோ வரும்போது, முன்னே ஓர் ஆள் கூவிக்கொண்டே ஓடுவான். ‘ஒதுங்கு, விலகு, வழியை விடு’ என்பது அந்தக் கூவலின் பொருள். இன்று ஆள் வேண்டியதில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் ஒலிப்பான் கூவுகிறது. பொருள் மட்டும் மாறவில்லை: ‘ஒதுங்கு, விலகு, வழியை விடு!’

அந்தத் திருவிதாங்கூர் நமக்குத் தொலைவான நாடும் அன்று. ஐந்தருவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது செங்கோட்டை. 1956 நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு சேரும்வரை அது திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலே இருந்தது. அதற்கு முன்னே மன்னராட்சித் திருவிதாங்கூரின் மண். அந்தச் சமஸ்தானத்திலே, வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி 1893இல் வில்லுவண்டி பூட்டிப் பொதுச் சாலையிலே ஓட்டினார். ஒடுக்கப்பட்டவன் வண்டியில் ஏறிச் சாலையிலே போவதா என்று தாக்க வந்தார்கள், அவர் திரும்பவில்லை. அதே சமஸ்தானத்திலே, வைக்கத்திலே, கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924 மார்ச் 30 அன்று தொடங்கியது அறப்போர். பெரியார் சென்றார், இருமுறை சிறை புகுந்தார். நாகம்மையாரும் களம் கண்டார். 1925 நவம்பரில் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. எஞ்சிய தடையும் தகர 1936ஆம் ஆண்டின் கோயில் நுழைவு அறிவிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வைக்கத்திலே கேட்டது என்ன? கோபுரமா கேட்டார்கள்? கொற்றமா கேட்டார்கள்? தெருவிலே நடக்கும் உரிமை! காலை எடுத்து வைக்கும் உரிமை! வைக்கத்தின் நூற்றாண்டைக் கொண்டாடினோம். 2024 டிசம்பரில் புதுப்பிக்கப்பட்ட நினைவகத்தையும் கண்டு களித்தோம். நன்று. ஆனால் நடக்கும் உரிமைக்காகச் சிறைசென்ற தலைவரின் வழிவந்தோர் என்று கூறிக்கொள்ளும் நாம், நம் ஊர்த் தெருவிலே ஒரு கிழவி நடக்க முடிகிறதா என்று பார்த்தோமா? சாதியின் பேரால் மூடிய தெருவைத் திறந்தோம். மோட்டாரின் பேரால் அது மீண்டும் மூடப்படுகிறதே, யாருக்குச் சுருக்கென்று தைத்தது?

‘யாரோ சிலர் நடக்கிறார்கள், அவர்களுக்காக ஊரே மாற வேண்டுமா?’ என்று கேட்பார்கள் சிலர். சிலரா? 2011 மக்கள்தொகைக் கணக்கைப் புரட்டுங்கள். உழவும் வீட்டுத் தொழிலும் நீங்கலான பிற பணியாளரிடம், வேலைக்கு எப்படிச் செல்கிறீர்கள் என்று கேட்டது அரசு. நூற்றுக்கு 22 பேருக்கு மேல் நடந்து செல்வதாகச் சொன்னார்கள். நூற்றுக்கு 13 பேர் மிதிவண்டியிலே. கார், ஜீப், வேன் ஆகியவற்றில் செல்வோர் எத்தனை பேர்? நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு! அதற்குப் பிறகு மோட்டார்கள் பெருகியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனாலும் பேருந்திலே செல்பவர் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து நிறுத்தத்துக்கு நடப்பவர். நிறுத்தத்திலிருந்து வேலைக்கு நடப்பவர். 2021 முதல் தமிழகத்தின் சாதாரண நகரப் பேருந்துகளிலே கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள் மகளிர். பேருந்துக்குள்ளே உரிமை வந்துவிட்டது. பேருந்து நிறுத்தத்துக்குச் செல்லும் வழியிலே வரவில்லை! பெரும்பான்மையின் காலை மிதித்துக்கொண்டு சிறுபான்மையின் சக்கரம் உருள்கிறது. இதைத்தான் ‘வளர்ச்சி’ என்று வாய்நிறையச் சொல்கிறார்கள்.

மிதிப்பது என்று நாம் சொன்னதும் அலங்காரச் சொல் அன்று. 2022இல் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களிலே நடந்து சென்றோர் 32,825 பேர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 90 பேர். மிதிவண்டியிலே சென்று மாண்டோர் 4,800க்கும் மேல். ஒரு நாளிலே 90 பேர் ஒரு தொற்றுநோயால் மடிந்தால் நாடு நடுங்கும். சாலையிலே மடிந்தால்? ‘பார்த்துப் போயிருக்கலாமே’ என்கிறோம். இன்னும் சிலர், ‘தலையிலே எழுதியிருந்தது’ என்கிறார்கள். தலையெழுத்தாம்! தலையெழுத்து அல்ல தோழர்களே, வேகத்தின் எழுத்து! சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால் உயிர்ப்பலி வாய்ப்பு நூற்றுக்கு நான்கு கூடுகிறது என்று கணக்கிட்டுச் சொல்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். மக்கள் புழங்கும் தெருக்களில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம் என்கிறது. விதி என்று சொல்லி வேகத்தைத் தப்பவிடுவது, பேய் என்று சொல்லிப் பேதியைத் தப்பவிட்ட பழைய மடமையின் தம்பி அல்லவா?

இந்த மடமை படித்தவரையும் விடவில்லை. 2023இல் பிரிட்டனிலே ஓர் ஆய்வு வெளிவந்தது. உளவியல் பேராசிரியர் இயன் வாக்கரும் அவருடைய தோழர்களும் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தியது. பாதிப் பேரிடம் கேட்டார்கள்: மக்கள் நெருங்கி வாழுமிடத்திலே, பிறர் மூச்சிழுக்கும் காற்றிலே சிகரெட்டுப் புகை விடலாமா? கூடாது என்றார்கள் நூற்றுக்கு 75 பேர். மறுபாதிப் பேரிடம் அதே கேள்வி. சிகரெட்டை எடுத்துவிட்டுக் காரை வைத்தார்கள். கூடாது என்றவர் நூற்றுக்கு 17 பேர்! அதே புகை, அதே மூக்கு, அதே நெஞ்சு. காரிலிருந்து வந்தால் கண்ணுக்குத் தெரிவதில்லை குற்றம்! சாதிக்கும் இதே வேலைதானே? பிறர் செய்தால் கொடுமை. பிறந்த நாளிலிருந்து பழகியது என்றால் வழக்கம்!

பழகியது எப்படி? தானாகப் பழகவில்லை, பழக்கினார்கள். அமெரிக்காவிலே 1920களில் தெருக்களில் கார்கள் பெருகின, குழந்தைகள் மாண்டனர், மக்கள் கொதித்தனர். மோட்டார் வணிகர் என்ன செய்தனர்? தெருவைக் குறுக்கே கடப்பவனைப் ‘பட்டிக்காட்டு நடையன்’ என்று ஏளனம் செய்யும் ஒரு சொல்லை ஊரெங்கும் பரப்பினர். குற்றம் இடம் மாறியது. இடித்தவனை விட்டு இடிபட்டவன் மேல் ஏறியது. கடப்பதே குற்றம் என்று சட்டமும் வந்தது. நூறாண்டு கழித்து, 2023ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்துதான் கலிபோர்னியா மாநிலம், ஆபத்தில்லாத இடத்திலே தெருவைக் கடப்பவனுக்குத் தண்டம் விதிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. ஒரு சொல்லால் ஓர் இனத்தைத் தாழ்த்துவது எப்படி என்பதை நாம் யாரிடமும் கற்க வேண்டியதில்லை. சூத்திரன் என்ற சொல்லைச் சுமந்தவர்கள் நாம்!

நம் நாட்டு வழக்கத்தையும் பாருங்கள். பழனிக்கும் திருச்செந்தூருக்கும் பாதயாத்திரை போகிறவன் நடந்தால் தண்ணீர்ப்பந்தல் வைக்கிறார்கள், மோர் கொடுக்கிறார்கள், சாலையிலே தனி வழி விடுகிறார்கள். காலை வேளையிலே சர்க்கரை நோய்க்காகக் கனவான் நடந்தால் பூங்கா அமைக்கிறார்கள், நடைமேடை போடுகிறார்கள். பீடிக்கட்டைத் தலையிலே சுமந்து கடைக்கு ஒப்படைக்கப் போகிறாளே அந்தத் தென்காசிப் பக்கத்துத் தாய், அவள் நடந்தால்? ஒலிப்பான்! கடவுளுக்காக நடந்தால் பக்தன்; காயத்துக்காக நடந்தால் கனவான்; கஞ்சிக்காக நடந்தால் கேட்பாரற்ற பராரி!

முன்னோர் எல்லாம் இப்படி இருந்தனரா? தென்பாண்டிச் சாலைகளிலே இன்றும் எஞ்சி நிற்கின்றன சுமைதாங்கிக் கற்கள். வயிற்றிலே பிள்ளையோடு மாண்டுபோன பெண்ணின் நினைவாகச் சுற்றத்தார் நட்டவை பல. சுமை இறக்காமல் போனவளுக்காக, வழிநடப்போர் சுமை இறக்க ஒரு கல்! நம்பிக்கை எதுவாயினும் இருக்கட்டும். நடப்பவனின் கழுத்துவலியை அறிந்த நெஞ்சம் அங்கே இருந்தது. சாலைக்கு இருபுறமும் மரம் வைத்த அரசிகளின் பெயர் இன்றும் ஊர்வாயிலே இருக்கிறது. நாமோ? நெல்லை–தென்காசிச் சாலையை நான்கு வழியாக்க முதுமரங்களை வீழ்த்தினோம். ‘இந்த வெயிலிலே யார் ஐயா நடப்பார், யார் ஐயா சைக்கிள் மிதிப்பார்?’ என்று இப்போது கேட்கிறோம். நிழலை வெட்டியவனே வெயிலைச் சாட்சிக்கு அழைக்கிறான்!

மிதிவண்டியின் கதையைக் கேளுங்கள். 1991இல் புதுக்கோட்டையிலே அறிவொளி இயக்கம். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளையும் கற்றுத் தந்தார்கள் பெண்களுக்கு. ஏளனம் எழுந்தது, ஆபாசப் பேச்சும் எழுந்தது. அஞ்சவில்லை அவர்கள். கல்லுடைக்கும் பெண்களும், ஊர்ப்புறச் செவிலியரும், ஆசிரியைகளும் ஏறினார்கள் மிதிவண்டியிலே. முன்கம்பியிலே குழந்தையை உட்கார வைக்கலாம் என்று ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே விரும்பி வாங்கினார்கள் சிலர். ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றார்கள் என்று எழுதினார் இதழாளர் பி. சாய்நாத். தண்ணீருக்குப் போக, சந்தைக்குப் போக, வேலைக்குப் போக, கணவன் வரும்வரை, அண்ணன் வரும்வரை, பஸ் வரும்வரை காத்துக் கிடந்தவள், காத்திருப்பதை நிறுத்தினாள். இரண்டு சக்கரம், ஒரு சங்கிலி. உடைந்தது வேறு சங்கிலி!

அந்த மண்ணிலேதான், 2001ஆம் ஆண்டளவிலே ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிப் பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம். பள்ளிக்குச் செல்லச் சைக்கிள் தந்தோம், பாதை தந்தோமா? பள்ளி முடிந்ததும் அந்தச் சைக்கிள் எங்கே போகிறது? கொல்லைப்புறத்துக் கொடிக்காலுக்கு! ஏனென்றால் சைக்கிளிலே வருபவனைப் பெண்வீட்டார் மதிப்பதில்லை. மாப்பிள்ளைக்குச் சீர் என்றால் முன்பு மோட்டார்சைக்கிள், இப்போது கார். சீர் வாங்கிய காரின் முன்னாலே சீர்திருத்தக் கொடி பறக்கிறது! இன்னும் சில ஊர்களிலே, சேரியிலிருந்து வரும் இளைஞன் ஊர்த்தெருவிலே சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று மிரட்டிய கொடுமையும் நாம் அறிந்ததே. அங்கே சைக்கிள் ஏறுவதே புரட்சி. பட்டணத்திலேயோ அதே சைக்கிளை இழிவென்று தள்ளுகிறோம். ஒடுக்கியவனுக்கு அது திமிராகத் தெரிந்தது. உயர்ந்துவிட்டதாக எண்ணுகிறவனுக்கு அது வறுமையாகத் தெரிகிறது. அது எவருடைய காசையும் கரியாக்காத கருவி என்பது மட்டும் இருவருக்கும் தெரியவில்லை!

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது, ஏட்டிலே இருக்கிறது. வண்டிகளை அல்ல, மக்களை நகர்த்துவதே குறிக்கோள் என்றது 2006ஆம் ஆண்டின் தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கை. 2014இல் சென்னை மாநகராட்சி மோட்டார் சாராப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையையே ஏற்றது. போக்குவரத்துச் செலவிலே பெரும்பங்கு நடைக்கும் மிதிவண்டிக்கும் என்று எழுதியது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அணுகும் வசதி சலுகை அல்ல, கட்டாயம் என்று 2024 நவம்பரிலே தீர்ப்பளித்தது உச்ச நீதிமன்றம். கோவை மருத்துவர் ஒருவர் 2012இல் தொடுத்த வழக்கிலே, 2025 மே 14 அன்று அதே நீதிமன்றம், நடைபாதை உரிமை என்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று சொல்லிவிட்டது. நடைபாதை 1.8 மீட்டருக்குக் குறையாமல் தடையற்று இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் குழுமத்தின் விதியும் இருக்கிறது. இனி என்ன வேண்டும்? சென்னைத் தியாகராய நகரிலே 2019 நவம்பரில் பாண்டி பசாரை நடப்போர்க்கு உரிய வீதியாகத் திருத்தினார்கள். மனம் இருந்த ஓரிடத்திலே மார்க்கமும் பிறந்தது!

மனம் இல்லாததற்கு மற்றவரை மட்டும் பழிக்கும் பழக்கம் நமக்கு வேண்டாம். நடைபாதையிலே இரவோடு இரவாகப் பிள்ளையார் முளைக்கிறார். பொது இடங்களிலே புதிதாய் வழிபாட்டுக் கட்டடம் கூடாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பின்னும் முளைக்கிறார். அதைக் கண்டு சிரிக்கிறோம். நாம் மட்டும் என்ன செய்கிறோம்? நம் கூட்ட மேடை எங்கே நிற்கிறது? நடைபாதையிலே! நம் கொடிக்கம்பம்? நடைபாதையிலே! பொதுச் சாலையிலே சிலை வேண்டாம் என்று 2013இல் சொன்னது நீதிமன்றம். நம் தலைவர்களின் சிலையைத் தெருவின் நடுவே வைக்க நாம் துடித்ததில்லையா? 2019 செப்டம்பரிலே சென்னைப் பள்ளிக்கரணையிலே, கட்சிக்காரர் வீட்டுத் திருமணத்துக்கு வைத்த பேனர் சாய்ந்தது. வேலை முடித்து வீடு திரும்பிய இளம்பெண் சாலையிலே வீழ்ந்தாள். பின்னே வந்த லாரி அவள் உயிரைக் குடித்தது. எந்தக் கட்சி என்பதா கேள்வி? எந்தக் கட்சிக்குத் தகுதி இருக்கிறது அவள் மீது கல்லெறிந்தவன் வேறொருவன் என்று சொல்ல? நடக்கும் உரிமைக்காகப் பிறந்த இயக்கம் நடக்கும் இடத்தை அடைத்துக்கொண்டு விழா எடுத்தால், அது வைக்கத்துக்கு எடுக்கும் விழா ஆகாது.

மற்றொரு மயக்கத்தையும் நீக்கிவிடுவோம். நடைபாதை என்றதும் சிலருக்குத் தள்ளுவண்டிக்காரன் நினைவு வருகிறது. ‘அவனைத் துரத்துங்கள்’ என்கிறார்கள். பழம் விற்கும் தள்ளுவண்டி அடைப்பது ஒன்றரை மீட்டர். அது ஒரு குடும்பத்தின் உலை. அருகே நிற்கும் கார் அடைப்பது ஐந்து மீட்டர் நீளம்; அது எவருடைய உலையும் அல்ல. தெருவோர வணிகருக்கு 2014இல் சட்டப் பாதுகாப்பே வந்துவிட்டது. அவருக்கும் இடம் ஒதுக்கி, நடப்போர்க்கும் இடம் ஒதுக்கலாம், ஒரு கார் நிற்குமிடத்திலே பத்து மிதிவண்டி நிற்கும் என்ற கணக்கு தெரிந்தால்! ஏழையை ஏழையின் மேல் ஏவிவிட்டு, நடுவிலே கார் நிறுத்திக்கொள்வது பழைய தந்திரம்.

காரையே கொளுத்தச் சொல்கிறோமா? இல்லை. நோயாளிக்கும் முதியோர்க்கும் ஆத்திர அவசரத்துக்கும் மோட்டார் வேண்டும். அறிவியல் தந்த அரும்பொருள் அது. அது ஊழியனாக இருக்கட்டும். ஆண்டையாக வேண்டாம் என்கிறோம். ஹாலந்து நாட்டிலே 1971இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாலையிலே மாண்டனர். அவர்களிலே நானூறுக்கும் மேல் குழந்தைகள். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்று தாய் தந்தையர் தெருவிலே இறங்கினார்கள். இன்று மிதிவண்டி நாடு என்று உலகம் புகழும் அந்நாடு, பிறவியிலேயே அப்படிப் பிறக்கவில்லை, போராடிப் பெற்றது. நம்மிடமும் முன்மாதிரி உண்டு. மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்‌ஷாவை 1973இல் ஒழித்தது தமிழகம். மும்பைக்கு அருகே மாதேரான் மலைநகரிலே தனியார் மோட்டார்களுக்கு இடமில்லை. அங்கே மிஞ்சியிருந்த கைரிக்‌ஷாவையும் ஒழிக்குமாறு 2025 ஆகஸ்டிலே ஆணையிட்டது உச்ச நீதிமன்றம். மோட்டாரை நிறுத்துவது என்றால் மனிதனை மாடாக்குவது அல்ல என்ற பாடமும் அதிலே இருக்கிறது.

குற்றாலத்திலே செய்ய முடியாதா? கார்த்திகை, மார்கழியிலே குற்றாலத்துக்கு வரும் அய்யப்ப பக்தரைக் கேளுங்கள்: 2018 வெள்ளத்துக்குப் பின் நிலக்கல்லிலே வண்டிகளை நிறுத்தி, அரசுப் பேருந்திலே பம்பைக்கு அனுப்பினார்களே, முணுமுணுத்தார்களா? உதகையிலும் கொடைக்கானலிலும் 2024 மே மாதம் முதல் மின்னணு அனுமதிச்சீட்டு முறை வந்ததே, மலை கவிழ்ந்துவிட்டதா? சபரிமலைக்கு முடிந்தது, ஊட்டிக்கு முடிந்தது, ஐந்தருவிக்கு மட்டும் முடியாதா?

நாம் கேட்பது இவ்வளவே. சாரல் காலத்து விடுமுறை நாட்களிலே கார்கள் ஊருக்கு வெளியே நிற்கட்டும். அங்கிருந்து சிறு பேருந்துகள் அருவிகளுக்கு ஓடட்டும். பேரருவி முதல் ஐந்தருவி வரை, சக்கர நாற்காலி தடையின்றிச் செல்லும் நடைபாதை ஒன்று, மரத்தை வெட்டாமல், மரத்தடியிலேயே அமையட்டும். தென்காசி முதல் குற்றாலம் வரையுள்ள ஐந்தாறு கிலோமீட்டரிலே மிதிவண்டிக்கு ஒரு தனிப்பாதை வரட்டும். மக்கள் புழங்கும் இடத்திலே 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம். கர்ப்பிணிப் பெண்ணைப் படியேறிப் பாலம் கடக்கச் சொல்லாதீர். கார்தான் நின்று காத்திருக்கட்டும். அருவியின் முகத்தைக் காணும் இடம்வரை ஒரு சாய்தளம். இதற்கு வானத்தை வில்லாக வளைக்க வேண்டியதில்லை. சிமெண்டும் செங்கல்லும் சிந்தனையும் போதும்.

இளைஞர்களே! உங்களுக்கும் வேலை இருக்கிறது. அளவுநாடா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவின் நடைபாதை எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள். ஒரு நாள் காலை நாற்சந்தியிலே நின்று, நடப்போர் எத்தனை பேர், மிதிப்போர் எத்தனை பேர், காரிலே வருவோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்கோடு கிராம சபைக்குச் செல்லுங்கள். பேரூராட்சிக்கும் நகராட்சிக்கும் செல்லுங்கள். சொல்லுக்குச் சொல் வேண்டாம். கணக்குக்குக் கணக்குக் கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு நடந்து வாருங்கள், மிதிவண்டியிலே வாருங்கள். வந்த பின் மேடையை நடைபாதைக்கு வெளியே போடச் சொல்லுங்கள். மறுத்தால், எந்தத் தலைவராயினும், எழுந்து நின்று கேளுங்கள்! கேள்வி கேட்பதற்குத்தானே பகுத்தறிவு?

ஐந்தருவியின் ஓசை மட்டும் கேட்டு, உருவம் காணாமல் கார்களுக்கு நடுவே காத்திருந்தாளே அந்த மூதாட்டி, அவளை மறந்துவிடாதீர்கள். அவளுடைய நாற்காலி அருவியின் முன்னே போய் நிற்கும் நாளிலே, அவள் முகத்திலே ஐந்து கிளையின் சாரலும் வந்து விழும் நாளிலே, வைக்கத்தின் எஞ்சிய தெருவும் திறந்துவிட்டது என்று நாம் எழுதுவோம். அதுவரை அந்த விழா முடியவில்லை. அந்தப் போரும் முடியவில்லை.